பழைய பு-அர் தேநீர் போடுவது எப்படி?

முதல் தடவை பு-அர் கையில் கிடைத்தபோது, வீட்டு டீ மாதிரி பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டேன். தார் மாதிரி ஒன்று வந்தது. அப்படியே கொட்டினேன். இலை நல்ல இலைதான், நான் விட்ட நேரம்தான் தப்பு.

பு-அர், சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பெரிய இலைத் தேயிலை. பச்சை, பழுத்தது என்று இரண்டு வகை உண்டு. பச்சை வகை தானாக முதிரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதைச் சுருக்கத்தான் 1973-இல் குன்மிங் தேயிலை ஆலையில் ஒரு வழியை உருவாக்கினார்கள். இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மூடி வைப்பார்கள். நுண்ணுயிர்கள் பெருகிக் குவியல் சூடேறும். அவ்வப்போது கிளறிவிட்டால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் இலை கறுத்துப் பழுத்துவிடும்.

புதுச் சரக்கில் அந்தக் குவியலின் வாடை இருக்கும்: ஈரச் சாக்கு, சில சமயம் லேசான மீன் கவுச்சி. பலர் ஒரு வாயோடு ஓடிப்போவது இதனால்தான். பத்து ஆண்டு காற்றோட்டமாகக் கிடந்த இலையில் இது அடங்கியிருக்கும். பழைய மரப்பெட்டியைத் திறந்த மணம், பேரீச்சம்பழத்தின் இனிப்பு, சிலவற்றில் கற்பூரக் குளிர்ச்சி. துவர்ப்பு குறைவு. வடிகஞ்சி போல வழுவழுப்பாகத் தொண்டையில் இறங்கும்.

சரி, போடலாம்.

1. இலையை அழுத்தி இறுக்கிய வட்டு வழக்கமாக 357 கிராம் இருக்கும். நடுவில் குத்தி நொறுக்காதீர்கள். ஓரத்தில் தடித்த ஊசியை நுழைத்து, அடுக்கடுக்காக நெம்பி எடுங்கள். தூளானால் சாறு சட்டென்று இறங்கிக் கடுமையாகிவிடும்.

2. 100 மில்லி கொள்ளும் மூடிபோட்ட கிண்ணத்துக்கு 6 கிராம் இலை போதும். சீனர்கள் இதற்குக் கைவான் என்னும் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் சின்ன டம்ளர், மேலே ஒரு தட்டு, வடிகட்டி.

3. தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி, ஐந்து நொடியில் கொட்டிவிடுங்கள். இன்னொரு தடவையும் இப்படியே. இது குடிக்க அல்ல. பல வருடத் தூசியைக் கழுவி, இறுகிய இலையை எழுப்புவதற்கு. அப்புறம் ஒரு நிமிடம் மூடி வைத்து, திறந்து முகர்ந்து பாருங்கள். எனக்குக் குடிப்பதைவிட இந்த இடம்தான் பிடிக்கும்.

4. மறுபடி கொதிநீர். பத்து நொடி, அவ்வளவுதான். சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிடுங்கள். நிறம் டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். பாலும் சர்க்கரையும் வேண்டாம்.

5. இரண்டாம், மூன்றாம் ஊற்றலுக்கும் அதே நேரம். நிறம் வெளிறத் தொடங்கியதும் ஐந்து, பத்து நொடியாகக் கூட்டுங்கள். எட்டு, பத்து தடவை வரும்.

மீதி வட்டைக் காகிதத்தில் சுற்றி, மசாலா டப்பா, ஊதுபத்தி பக்கம் போகாமல் வையுங்கள். ஃபிரிட்ஜ் கூடாது.

சுவை ஓய்ந்த இலையைத் தூக்கிப் போடாதீர்கள். பாத்திரத்தில் போட்டு, இப்போது ஐந்து நிமிடம் தாராளமாகக் கொதிக்க விடலாம்.