காலுக்கான கிளினிக்கைப் பக்கத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி?

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பொடியாட்ரிஸ்ட் (பாத சிகிச்சை நிபுணர்) என்ற பெயரைச் சட்டப்படி பதிவு செய்தவர்கள் மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 'பொடியாட்ரி' என்ற பலகைக்குப் பின்னால் அறுவை மருத்துவரும் இருக்கலாம், குறுகிய காலப் பயிற்சி முடித்தவரும் இருக்கலாம். அதனால் பலகையை விட, உள்ளே காலை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

1. முதலில் பிரச்சினையைப் பிரியுங்கள்

கால் விரல் கறுத்தாலோ, புண்ணில் நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தாலோ, புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, கால் திடீரெனச் சில்லிட்டு வெளிறி வலித்தாலோ கிளினிக் தேட வேண்டாம். அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தேவைப்பட்டால் 108.

கணுக்கால் பிசகியிருந்தால் நான்கு அடி நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பு முண்டின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே வேண்டும். எலும்பு மருத்துவரிடம் போகலாம். எக்ஸ்ரே எடுக்காமல் மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டுவது ஆபத்து. சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு இந்த நடைச் சோதனை பொருந்தாது. எலும்பு முறிந்தும் அவர்கள் வலி தெரியாமல் நடப்பார்கள்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் மட்டும் குதிகால் குத்துகிறதா? எலும்பு மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் போதும். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் புண், கொப்புளம், ஆணி எது வந்தாலும் கால் கிளினிக்தான்.

2. வீட்டிலேயே ஒரு தொடுசோதனை

சர்க்கரை உள்ளவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி மென்மையாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. புண் இல்லாவிட்டாலும் கிளினிக்குக்குப் போக இது போதுமான காரணம்.

3. எங்கே தேடுவது

கூகுள் மேப்பில் 'பொடியாட்ரி' என்று மட்டும் தேடினால் பல ஊர்களில் அதிகம் கிடைக்காது. 'டயபடிக் ஃபுட் கிளினிக்', 'ஃபுட் அண்ட் ஆங்கிள் சர்ஜன்', 'வாஸ்குலர் சர்ஜன்' (ரத்தநாள அறுவை மருத்துவர்) என்றும் தேடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நீரிழிவுப் பிரிவிலேயே கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'பாதம் பாதுகாப்போம்' திட்டப் பரிசோதனை உண்டா என்று விசாரியுங்கள். சென்னை ராயபுரத்தில் 1954 முதல் இயங்கும் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையில் கால் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு. வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனை மரத்த கால்களைப் பராமரிப்பதில் நெடுங்கால அனுபவம் உள்ள இடம்.

மருத்துவரின் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

4. போனில் கேட்க வேண்டியவை

"மோனோஃபிலமென்ட் (நைலான் இழையால் தொட்டு உணர்வைப் பார்க்கும்) சோதனை செய்வீர்களா? கை டாப்ளர் என்ற சிறு கருவியில் காலின் ரத்த ஓட்டம் பார்ப்பீர்களா? புண்ணுக்கு அழுத்தம் குறைக்கும் மாவுக்கட்டு போடுவீர்களா? ரத்தநாள அறுவை மருத்துவர் தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்?" நான்காவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தைத் தவிர்ப்பது நல்லது. காலை இழக்க வைப்பது பெரும்பாலும் புண் மட்டுமல்ல. அடைபட்ட ரத்தக்குழாயும் சேர்ந்துதான்.

5. போகும்போது

மாத்திரைச் சீட்டு, கடைசி ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) முடிவுகள், தினமும் போடும் செருப்பு, தேதி வாரியாக எடுத்த புண்ணின் படங்கள் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதையும் புண்ணில் அப்ப வேண்டாம். புண்ணின் சிவப்பு மருத்துவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சுத்தம் செய்யவும் சிரமம். மருந்துக் கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. மரத்த காலில் அது நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும்.

6. உள்ளே நடக்க வேண்டியது

இரண்டு செருப்பையும் கழற்றச் சொல்லி, விரல் இடுக்குவரை பார்க்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்கள். அதிர்வு உணர்வை அளக்கும் பயோதீசியோமீட்டர் கருவியில் அதிர்வு 25 வோல்ட்டுக்கு மேல் போன பிறகுதான் தெரிகிறது என்றால் புண் வரும் அபாயம் அதிகம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த ரத்த அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழ் இருந்தால் காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு. 1.3-க்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம்: குழாய்ச்சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் எண் பொய்யாக உயரும். அப்போது கால்விரல் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால் சார்கோ பாதமா (உணர்வு குறைந்த காலில் எலும்பும் மூட்டும் சிதையும் நிலையா) என்று கேளுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே தெரியலாம் என்பதால் இது அடிக்கடி தவறவிடப்படுகிறது. நடந்துகொண்டே இருந்தால் பாத எலும்புகள் நொறுங்கி வடிவமே மாறிவிடும்.

7. பிறகு

உணர்வும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் வருடம் ஒருமுறை பரிசோதனை போதும். முன்பு புண் வந்த காலென்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உணர்வு குறைந்தவர்கள் எம்சிஆர் (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பைப் பின்பட்டையோடு வாங்குங்கள். பட்டை இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாது. வீட்டுக்குள்ளும் அதைப் போட வேண்டும்.

முறையாகக் கட்டு மாற்றியும், அழுத்தம் குறைத்தும், நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் அதே சிகிச்சையைத் தொடர வேண்டாம். ரத்த ஓட்டத்தையும் எலும்புத் தொற்றையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு வசதி இல்லை என்றால் அறிக்கைகளை வாங்கிக்கொண்டு ரத்தநாள அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு மாறுங்கள்.