புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியதும் கணினி அணைந்தது: என் அனுபவம்

நான்கு வருடம் ஓடிய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டை எடுத்துவிட்டு, என் 1080பி மானிட்டருக்கு இது போதும் என்று ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன். மாட்டியதும் டெஸ்க்டாப் நன்றாக வந்தது. ஆனால் கேம் திறந்து பத்து நிமிடத்தில் கணினி சட்டென்று அணைந்துபோனது.

முதலில் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் மேல்தான் சந்தேகம். சேஃப் மோடில் போய்ப் பழைய கார்டின் என்விடியா டிரைவரை முழுசாகத் துடைத்தேன். பலனில்லை. கார்டின் சூடும் 70 டிகிரியைத் தாண்டவில்லை.

அப்புறம்தான் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பினேன். பழைய கார்டுக்கு 75 வாட் போதும். அதை மதர்போர்டு ஸ்லாட்டே கொடுத்துவிடும். புதியதற்கு 132 வாட் வேண்டும், 8 பின் வயரும் வேண்டும். என் எஸ்எம்பிஎஸில் அந்த வயர் இல்லாததால், ஹார்டு டிஸ்க் வயரில் செருகும் ஓர் அடாப்டரைப் போட்டிருந்தேன். கழற்றிப் பார்த்தால் அதன் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. பயந்தே போனேன். தயவுசெய்து அதை யாரும் போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரையும் அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட். ஆனால் 12 வோல்ட் கட்டத்தில் 20 ஆம்பியர்தான், அதாவது வெறும் 240 வாட். பிராசஸரும் கார்டும் அதிலிருந்துதான் இழுக்க வேண்டும்.

மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) தரச்சான்று பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி, அதன் சொந்த 8 பின் வயரையே செருகினேன். இரண்டு மாதமாகிறது, ஒருமுறைகூட அணையவில்லை.