"ஐ ஆம் டிஃபிகல்ட்" என்று எழுதாதீர்கள்

போன கிழமை மட்டக்களப்புக் கல்லடியில் என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளை ஒன்று கடிதம் தந்தது: "ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் ஆன் மண்டே." நானும் ஒரு காலத்தில் இப்படியே பேசித் திரிந்தவன். 'டு'வுக்குப் பிறகு 'வென்ட்' போடுவது போன்ற பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். நாலு தரம் திருத்தினால் அவை போய்விடும். இது லேசில் போகாது.

எனக்குக் கஷ்டமா, நான் கஷ்டமா?

2005, சுனாமிக்கு அடுத்த வருடம். ஒரு நிவாரண நிறுவனத்தில் நேர்முகப் பரீட்சை. கேள்வி கேட்ட வெளிநாட்டுக்காரர் வேகமாகப் பேசினார். எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல நினைத்து, "ஐ ஆம் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்" என்றேன். அதற்கு அர்த்தம், என் பேச்சு மற்றவர்களுக்கு விளங்காது என்பது. "இல்லையில்லை, நீங்கள் பேசுவது நன்றாக விளங்குகிறது" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, அதே வேகத்தில் தொடர்ந்தார். அரைவாசிக் கேள்விக்குப் பிழையான பதில். வேலை கிடைக்கவில்லை. அந்த வசனத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

பிழை எங்கிருந்து வருகிறது? "ஐ ஆம் ஹாப்பி டு கம்", "ஐ ஆம் ரெடி டு கம்" இரண்டும் சரி. சந்தோசப்படுவதும் ஆயத்தமாக இருப்பதும் நான்தான். அதே அச்சில் 'டிஃபிகல்ட்'டையும் வார்த்துவிடுகிறோம். ஆனால் கஷ்டம் வருவதில் இருக்கிறது, என்னில் இல்லை. தமிழில் "எனக்கு வரக் கஷ்டம்" என்கிறோம், "நான் கஷ்டம்" என்பதில்லை. அந்த 'எனக்கு'தான் ஆங்கிலத்தில் 'ஃபார் மீ': "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம்."

'ஈஸி', 'ஹார்ட்', 'டிஃபிகல்ட்' எழுவாயோடு வரும் இடமும் உண்டு. "த சிங்கிங் ஃபிஷ் ஆர் ஹார்ட் டு ஹியர்" சரியான வசனம். எதைக் கேட்பது கஷ்டம்? எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனை. கல்லடிப் பாலத்தடியில் நின்றும் பாட்டுக் கேட்கவில்லை என்று சொல்ல வந்த பிள்ளை "ஐ ஆம் ஹார்ட் டு ஹியர்" என்றால், தன் குரல் பிறருக்குக் கேட்காது என்று சொன்னதாகிவிடும். எழுவாயைத் தமிழில் சொல்லி, அதோடு 'ஐ' உருபு (மீன் + ஐ = மீனை; ஆங்கில 'ஐ' அல்ல) சேர்த்து, அந்த வினைக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். 'மீனைக் கேட்பது' பொருந்தும். 'என்னை வருவது' என்று ஒன்று இல்லவே இல்லை.

'ஐ ஆம் பாசிபிள்'

ஒருபோதும் வராது. "ஐ கேன் கம்" போதும்.

'த டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க் இட்'

கடைசி 'இட்' வேண்டாம். தேநீரை முதலிலேயே சொல்லியாயிற்று.

'கைண்ட் ஃபார் யூ டு கம்'

ஆளின் குணத்தைச் சொன்னால் 'ஆஃப்': "இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்." வேலை லேசா கஷ்டமா என்றால் 'ஃபார்'.

'கேப்பபிள் டு டூ'

'ஏபிள் டு டூ', 'கேப்பபிள் ஆஃப் டூயிங்'. மனப்பாடம் செய்யுங்கள்.