'தொழில் இல்லை' என்று பதிவான பாட்டி: இத்தாலியிலிருந்து குடியேறிய பெண்ணின் வாழ்க்கையைத் தொகுக்கும் முறை

1880-க்கும் 1924-க்கும் இடையில் ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவர்களில் பெரும்பாலோர் சிசிலி, கலாப்ரியா, கம்பானியா முதலிய தென்பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஆண்கள் முதலில் போய் இரயில் பாதையிலும் சுரங்கத்திலும் கட்டடங்களிலும் கூலி வேலை செய்து பணம் அனுப்ப, மனைவியர் சில ஆண்டுகள் ஊரிலேயே தங்கி நிலத்தையும் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கவனித்துக்கொண்டு, அழைப்பு வந்த பின்னரே புறப்பட்டனர். இன்று அந்தக் குடும்பங்களில் வரலாறு எழுத முனைபவர்களுக்குத் தாத்தாவைப் பற்றி எழுத நிறையக் கிடைக்கிறது. பாட்டியைப் பற்றியோ, சமைத்தார், பிள்ளைகளை வளர்த்தார் என்பதற்கு மேல் ஒரு வரியும் ஓடுவதில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பாலும் அவருடைய தொழிலுக்குரிய கட்டத்தில் 'இல்லை' என்றே எழுதப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தை நம்பாமல் அதைச் சுற்றியுள்ள கட்டங்களைப் படிப்பதுதான் இந்த வேலைக்கு அடிப்படை.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். இத்தாலிய ஆவணங்களில் ஒரு பெண் பிறந்தது முதல் இறப்பது வரை தந்தையின் குடும்பப் பெயராலேயே குறிக்கப்படுகிறார். அமெரிக்க ஆவணங்களிலோ கணவரின் குடும்பப் பெயர் வந்துவிடுகிறது. கப்பல் பட்டியலில் தாய் ஒரு குடும்பப் பெயரிலும், கூடவே வரும் பிள்ளைகள் வேறொரு குடும்பப் பெயரிலும் இருப்பதைக் கண்டு இது வேறு யாரோ என்று ஒதுக்கிவிடக் கூடாது. முன்பெயரும் மாறியிருக்கும்: வின்சென்சா ஜென்னி ஆனார், கொன்செத்தா கானி ஆனார், ஜுசெப்பா ஜோசஃபின் ஆனார். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவின் அதிகாரிகள்தான் பெயரை மாற்றினார்கள் என்று பல குடும்பங்களில் உறுதியாகச் சொல்வார்கள், அது உண்மையன்று. பட்டியல் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனத்தாரால் தயாரிக்கப்பட்டது. தீவில் இருந்தவர்கள் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் பின்னாளில் அந்தக் குடும்பத்தாரும், அண்டை வீட்டாரும், பள்ளி ஆசிரியர்களும்தான்.

பாட்டியின் தாயார் பெயர் தெரியாவிட்டால் அவருடைய பெண்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். தென் இத்தாலிய வழக்கப்படி முதல் மகளுக்குத் தந்தையின் தாயார் பெயரும், இரண்டாம் மகளுக்குத் தாயின் தாயார் பெயரும் வைப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் நமக்கு இது புரியாத வழக்கமன்று. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், முதலில் அந்தப் பெயரிட்ட குழந்தை இறந்து, அடுத்த குழந்தைக்கு அதே பெயர் இடப்பட்டது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

அடுத்தது கப்பல் பட்டியல். எல்லிஸ் தீவு வழியாக வந்தவர்களின் பட்டியல்களை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். 1907 முதல் அவற்றில் பயணி விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் ஊரும் கேட்கப்பட்டன. அமெரிக்காவில் யாரிடம், எந்த முகவரிக்குப் போகிறார் என்பதும் இருக்கும். பலர் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். அதே கப்பலின் பட்டியல் முடியும் இடத்தில் 'தடுத்து வைக்கப்பட்டவர்கள்' என்ற தனித் தாள் உண்டு. அதைக் கட்டாயம் புரட்டுங்கள். தனியாகவோ குழந்தைகளுடனோ வந்த பெண்களைக் கணவரோ உறவினரோ வந்து அழைத்துச் செல்லும்வரை வெளியே விடுவதில்லை. எதற்காகக் காத்திருந்தார், யார் வந்து அழைத்துப் போனார், அதுவரை எத்தனை வேளை உணவு வழங்கப்பட்டது என்பதெல்லாம் அந்தத் தாளில் பதிவாகியிருக்கும். ஒரு தாயின் முதல் அமெரிக்க நாள்களைப் பற்றி இதைவிட நெருக்கமான சான்று எளிதில் கிடைக்காது. 1917-க்குப் பிறகு வந்தவரென்றால் இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: அவ்வாண்டுச் சட்டம் 16 வயதைக் கடந்த குடியேறிகளுக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதித்தபோதும், உள்ளே அனுமதிக்கத் தக்க ஒருவரின் மனைவி, தாய், பாட்டி ஆகியோருக்கு விலக்கு அளித்தது. ஆகவே எழுத்தறியாத மூதாட்டி எப்படி உள்ளே வந்தார் என்று குழம்ப வேண்டியதில்லை.

ஊரின் பெயர் கிடைத்ததும் இத்தாலியப் பதிவேடுகளுக்குச் செல்லலாம். ஊர் தெரியாமல் 'சிசிலி' என்று மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது வீண். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைக் குறிக்கும் குடிமைப் பதிவுகள் தென் இத்தாலியின் பெருநிலப்பகுதியில் 1809-லும் சிசிலியில் 1820-லும் தொடங்கின. இத்தாலிய அரசு ஆவணக்காப்பகங்களின் 'அந்தெனாத்தி' தளத்தில் பல ஊர்களின் ஏடுகளைப் படங்களாகப் பார்க்கலாம். ஆண்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணையையும் பத்தாண்டு அட்டவணையையும் முதலில் பாருங்கள். தந்தையின் பெயருக்கு முன் 'தி' என்றிருந்தால் அவர் அப்போது உயிருடன் இருந்தார், 'ஃபூ' என்றிருந்தால் காலமாகியிருந்தார். திருமணப் பதிவில் மணமகளின் தந்தை பெயருக்கு முன் 'ஃபூ' இருக்கக் கண்டால், தகப்பனை இழந்த பெண்ணாகவே அவர் மணமேடை ஏறினார் என்பது தெரிந்துவிடுகிறது.

பிறகு அமெரிக்கக் கணக்கெடுப்பு. 1900, 1910 ஆகிய ஆண்டுகளில் தாயிடம் எத்தனை குழந்தைகள் பெற்றார், எத்தனை உயிருடன் உள்ளன என்று கேட்டார்கள். ஒன்பதும் ஐந்தும் என்று இரு எண்கள் இருந்தால், குடும்பத்தில் யாரும் பேசாத நான்கு பேரின் பதிவுகளைத் தேட வேண்டும். குடும்பத்தாரின் பெயர்களுக்குக் கீழே வேறு குடும்பப் பெயருள்ள ஆண்கள் இருந்தால் அவர்கள் வாடகைக்குத் தங்கியவர்களாக இருக்கலாம். உறவுமுறைக் கட்டம் அதை உறுதிசெய்யும். அவர்களுக்குச் சமைத்ததும், துணி துவைத்ததும், படுக்கை விரித்ததும் பெரும்பாலும் 'தொழில் இல்லை' என்று எழுதப்பட்ட அதே பெண்தான். அவர்கள் கொடுத்த பணம் குடும்பத்தின் வருமானம். இதைத் தவிர வீட்டிலேயே காகிதப் பூக் கட்டுவது, ஆடைகளுக்கு இறுதித் தையல் போடுவது, கொட்டைகளை உடைத்துப் பருப்பெடுப்பது முதலிய வேலைகளை நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளில் இத்தாலியத் தாய்மார்கள் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தார்கள். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் குழந்தைத் தொழிலை ஒழிக்கும் இயக்கத்துக்காக எடுத்த படங்களில் இந்தக் காட்சிகள் உள்ளன. பலவற்றின் குறிப்பில் தெருவும் கூலியும்கூட எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் தெருப் பெயரைக் கொண்டு தேடிப் பாருங்கள்.

குடியுரிமை ஆவணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1922 செப்டம்பர் 22-க்கு முன் கணவர் குடியுரிமை பெற்றால் மனைவிக்கும் அது தானாகவே வந்துவிடும். அவர் பெயரில் தனி மனு இருக்காது. நியூயார்க்கிலேயே பிறந்த மகள்கூட, 1907-க்கும் 1922-க்கும் இடையில் இத்தாலியக் குடிமகனை மணந்தால் அமெரிக்கக் குடியுரிமையை இழந்தார். கணவர் மனுச் செய்யாமலே இருந்துவிட்டாலோ, 1922-க்குப் பின்னரே குடியுரிமை பெற்றாலோ, மூதாட்டி பல காலம் அந்நியராகவே இருந்திருக்கலாம். ஆராய்ச்சியாளருக்கு அதில் ஓர் ஆதாயம் உண்டு: 1940-இல் 14 வயது நிரம்பிய அந்நியர் அனைவரும் கைரேகையுடன் பதிவு செய்ய வேண்டியிருந்ததால், வந்த கப்பல், தேதி, செய்த வேலை ஆகியவை அவர் தாமே சொன்னபடி ஒரு படிவத்தில் இருக்கும். அதன் நகலைக் குடிவரவுத் துறையிடம் கட்டணம் செலுத்திப் பெறலாம். 1941 டிசம்பரிலிருந்து 1942 அக்டோபர் வரை இத்தாலியோடு அமெரிக்கா போரில் இருந்ததால், இவ்வாறு குடியுரிமை பெறாத ஏறத்தாழ 6 லட்சம் இத்தாலியர் 'எதிரி நாட்டு அந்நியர்' என வகைப்படுத்தப்பட்டனர். மகன் அமெரிக்கப் படையில் இருக்க, தாய் புகைப்படம் ஒட்டிய அடையாளப் புத்தகத்தோடு நடமாடிய குடும்பங்கள் உண்டு.

பாட்டியை அறிந்த மகளோ மருமகளோ உயிருடன் இருந்தால், மேலே சொன்ன அனைத்தையும் ஒத்திவைத்து முதலில் அவரிடம் போங்கள், ஏடுகள் காத்திருக்கும். 'அவர் எப்படிப்பட்டவர்' என்று கேட்டால் 'நல்லவர்' என்ற பதிலே வரும். ஞாயிற்றுக்கிழமை தக்காளிக் குழம்பை எத்தனை மணிக்கு அடுப்பில் வைத்தார், சம்பளக் கவர் யார் கையில் போய்ச் சேர்ந்தது, கோபம் வந்தால் எந்தப் பேச்சுமொழிக்கு மாறினார், கடிதங்களை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சமையலறையில் வேலை செய்துகொண்டே பேசச் சொன்னால் இன்னும் நல்லது. உரையாடலை ஒலிப்பதிவு செய்து, தேதியும் இடமும் குறித்துவையுங்கள்.

எழுதும்போது ஆவணம் சொல்வதையும் குடும்பம் சொல்வதையும் தனித்தனியே தெரியும்படி எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் தாருங்கள். கிடைக்காத ஆண்டுகளை 'அவர் ஏங்கியிருப்பார்' என்பது போன்ற வரிகளால் நிரப்ப வேண்டாம். பிரதியொன்றை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கோ நூலகத்துக்கோ கொடுப்பதாயின், உயிருடன் இருப்பவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் முன்னதாகவே நீக்கிவிடுங்கள்.