எனக்காகப் பேசப் போவது யார்?

புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்த வாரமே, கடைசிக் காலத்தில் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவள். எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. "இப்போதே இதெல்லாம் எதற்கு?" என்று கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போதுதானே நினைவு தெளிவாக இருக்கிறது!

மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது: இந்தச் சிகிச்சை நோயைக் குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா, வேதனையைத் தணிக்கவா? நான் மூன்று முறை கீமோ ஏற்றிக்கொண்ட பிறகே கேட்டேன். கூச்சம்தான், வேறென்ன.

அடுத்தது, என்னால் பேச முடியாதபோது எனக்காகப் பேசுபவர். எல்லோரும் கணவர் என்றே நினைத்தார்கள். அவருக்கு என்னைப் போகவிட மனம் வராது, அதுதான் சிக்கல். தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள். டாக்டர் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்கிறார். என்ன சொல்வாய்?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்பேன் அக்கா" என்றாள். அவளையே எழுதிவிட்டேன். கணவரிடமும் அன்றே சொன்னேன். ஐசியூ வாசலில் அவர்கள் சண்டை போடக் கூடாது.

'கருவிகள் வேண்டாம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். தீரக்கூடிய கிருமித்தொற்று என்றால் எனக்குச் சில நாள் செயற்கைச் சுவாசம் சம்மதம். நோய் முற்றிய நிலையில் இதயம் நின்றால் மார்பை அழுத்த வேண்டாம். விலா எலும்பு முறியலாம், உயிர் திரும்புவதோ அரிது. அப்படி எழுதினால் மற்றச் சிகிச்சைகளை நிறுத்திவிட மாட்டார்கள். வலிக்கு மார்ஃபின் வேண்டும், மயக்கமாகவே கிடந்தாலும் பரவாயில்லை என்றும் சேர்த்தேன். உங்களுக்கு விழித்திருப்பது முக்கியம் என்றால் அதை எழுதுங்கள். வீட்டிலேயே இருக்க ஆசையா? நள்ளிரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது என்பதையும் குறியுங்கள்.

வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய்த் தணிப்பு மருத்துவரைக் கடைசி வாரம்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் செய்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கத்திலிருந்தே இந்த மருத்துவர்களிடமும் போனவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள்.

சாட்சி, படிவம் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், மருத்துவமனையிலேயே கேளுங்கள். எழுதியதைப் பூட்டிய பீரோவில் வைக்காதீர்கள். மருத்துவரிடம் ஒன்று, பேசப் போகிறவரிடம் ஒன்று, கைப்பையில் ஒன்று.

மனம் மாறலாம், மாற்றி எழுதலாம். நான் இரண்டு முறை மாற்றினேன், ஒவ்வொன்றிலும் தேதி போட்டேன். பழைய பிரதிகளைத் தேடிப் பிடித்துக் கிழிக்கும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார்.