ஆல்கஹாலையும் தண்ணீரையும் வடித்துப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு வருகிற புதுப் பிள்ளைகள், நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தப்புகளை அச்சு மாறாமல் செய்கிறார்கள். ஸ்டாண்டை இறுக்காதது, ஜாயிண்டில் கிரீஸ் தடவாதது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தானே பழகிவிடும்.

78-ல் ஆல்கஹால், 100-ல் தண்ணீர் என்று நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-ல் கொதிக்கும், ஆகவே ஆல்கஹால் முழுசாக வந்து முடிந்த பிறகுதான் தண்ணீர் கிளம்பும் என்று பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிடுகிறது. அப்படி நடக்காது. கலவை கலவையாகத்தான் கொதிக்கும். எடையில் 10 சதவீதம் ஆல்கஹால் உள்ள கரைசல் 91, 92 டிகிரியில்தான் கொதிக்கத் தொடங்குகிறது, முதலில் எழும் ஆவியிலேயே ஏறக்குறைய பாதி தண்ணீர். கொதிக்கும் குடுவைக்கு மேல் நிற்கும், கண்ணாடி மணி நிரப்பிய அந்த நீளக் குழாய் எதற்கு? மேலே ஏறும் ஆவி, கீழே வழியும் திரவத்தை வழியெல்லாம் தொட்டு, தண்ணீரை விட்டுவிட்டு ஆல்கஹாலை எடுத்துக்கொண்டு போக. அதற்கு நேரம் வேண்டும்.

போன பருவத்தில் ஒரு மாணவர், மணி அடிக்கப்போகிறது என்று, குடுவையைச் சூடாக்கும் ஹீட்டிங் மேண்டிலை முழுசாகத் திருப்பிவிட்டார். குழாய்க்குள் திரவம் கீழே இறங்க முடியாமல் தேங்கி மேலே ஏற, சேகரிக்கும் குடுவை மளமளவென்று நிறைந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றித் தீக்குச்சி காட்டினோம். நீலச் சுடர் சற்று ஆடி அணைந்தது, அடியில் தண்ணீர் நின்றது. அனுமதி வாங்கி, பதிவேட்டில் எழுதி எடுத்த ஸ்பிரிட் அது.

நொடிக்கு ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். குழாயைச் சுற்றிப் பஞ்சும் அலுமினியத் தாளும் கட்டுங்கள். வெப்பநிலை 78-ஐ விட்டு ஏறத் தொடங்கியதுமே சேகரிக்கும் குடுவையை மாற்றிவிடுங்கள்.

மெத்தனாலை வடித்து நீக்கிவிடலாம் என்று நினைப்பது

அதே நம்பிக்கைதான், ஆனால் இது உயிரை வாங்கும். மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹால் 64.7-ல் கொதிக்கும் என்பதால் முதலிலேயே முழுசாக வெளியேறிவிடாது, எத்தனாலோடு கலந்தே வரும். 2023 மே மாதம் பக்கத்து மரக்காணத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் எத்தனை பேர் போனார்கள் என்று இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலை ஸ்பிரிட்டை எப்படி வடித்தாலும் குடிக்கக்கூடாது.

சூடான திரவத்தில் பீங்கான் துண்டு போடுவது

சீராகக் கொதிக்கவைக்கும் இந்தத் துண்டைச் சூடாக்கும் முன்பே போடுங்கள், சூடான பிறகு போடாதீர்கள். பொங்கி முகத்தில் அடிக்கும்.

தெர்மோமீட்டரைத் திரவத்தில் முக்குவது

குமிழ் பக்கக் குழாயின் வாய்க்கு நேராக இருக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் குழாய்த் தண்ணீரை நம்புவது

மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அதை, ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டன்சரில் விட்டால் ஆவி முழுசாகக் குளிராமல் அறைக்குள் பரவும், ஒரு ஸ்விட்ச் பொறி போதும். துறைமுகத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸ் கொஞ்சம் வாங்கி, பக்கெட்டில் போட்டு, சின்ன மோட்டார் வைத்துச் சுற்றவிடுங்கள். தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும்.

100 சதவீதம் வரும்வரை வடிப்பது

வராது. எடையில் 95.6 சதவீதத்தில் ஆவியும் திரவமும் ஒரே விகிதத்துக்கு வந்துவிடுகின்றன, எத்தனை தரம் வடித்தாலும் அதேதான். மிச்சத் தண்ணீரை எடுக்கச் சுட்ட சுண்ணாம்போ, நுண்துளைகளில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் 3ஏ மூலக்கூறு சல்லடை மணிகளோ வேண்டும். அப்புறம் உடனே மூடுங்கள், நம்ம கடற்கரைக் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் நீரற்ற காப்பர் சல்பேட் வெள்ளைப் பொடியைச் சிட்டிகை போட்டுப் பாருங்கள். நீலமானால் தண்ணீர் இருக்கிறது.