காலிகாரிக்கு இரண்டு புத்தகங்கள்

ஜெர்மன் மௌனப் படங்களைப் பற்றி ஆழமாகப் படிக்க நினைத்தால் ஒரே புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள். முதலில் 1920இல் வந்த 'தி கேபினட் ஆஃப் டாக்டர் காலிகாரி' படத்தைப் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். வெளிச்சத்தையும் நிழலையும்கூட அரங்கச் சுவரில் பெயின்டால் தீட்டியிருப்பார்கள், கவனியுங்கள்.

அப்புறம் திரை விமர்சகர் சீக்ஃபிரீட் கிராகவர் 1947இல் வெளியிட்ட 'ஃப்ரம் காலிகாரி டு ஹிட்லர்'. ஹிட்லருக்கு வழிவிட்ட மனநிலையை அவர் இந்தப் படங்களில் தேடுகிறார். கூடவே இன்னொரு விமர்சகர் லோட்டே ஐஸ்னர் 1952இல் பிரெஞ்சில் எழுதிய புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'தி ஹான்டட் ஸ்கிரீன்'. அவர் பார்ப்பது ஒளி, நாடக மேடை, ஜெர்மன் ரொமான்டிக் இயக்கத்தின் இலக்கியம். இருவருமே 1933இல் ஜெர்மனியை விட்டுத் தப்பியவர்கள் என்பதை நினைத்துக்கொண்டே படித்தால் வரிகள் வேறு மாதிரி கனக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். 'காலிகாரி' கதையைச் சுற்றியுள்ள சட்டகம், அதாவது முக்கியக் கதைக்கு முன்னும் பின்னும் வரும் காட்சிகள், பின்னால் திணிக்கப்பட்டது என்பது கிராகவரின் வாதம். திரைக்கதைப் பிரதி பிற்பாடு கிடைத்தபோது அதிலேயே வேறொரு சட்டகம் இருந்தது. அதனால் பழைய புத்தகத்தை எடுக்கும்போது, புதிய பதிப்பின் முன்னுரையையும் சேர்த்துப் படியுங்கள்.